என்ன சாப்பிட்டே?

எலிக்குச் சோறு போட்டது யார் என்று கண்டுபிடிக்கக்கூட ஆள் வைத்துத் துப்பறிவார்கள் என்பது அன்று காலைவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அண்ணன் பார்த்து வைத்த வேலைக்கே ஒழுங்காகப் போயிருப்பேன்.

எங்கள் துப்பறியும் நிறுவனம் மொத்தமே இரண்டு பேர்தான். என் அண்ணி துப்பறிவார். நான் அவருடைய கொழுந்தன், உதவியாளன், டிரைவர், திட்டு வாங்க ஆள் தேவைப்பட்டால் அதுவும் நானே. அண்ணன் வீட்டில் எதை எங்கே ஒளித்து வைத்தாலும் அண்ணி கண்டுபிடித்துவிடுவார். அந்தத் திறமையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பானேன் என்று அக்கம்பக்கத்தார் சொல்லப்போய்த் தொழிலாகிவிட்டது. அண்ணனுக்கு நிம்மதி வந்ததா என்றால், அதுதான் இல்லை.

நாங்கள் போய் இறங்கிய இடம் ஓர் ஆராய்ச்சி நிலையம். சர்க்கரை நோய் ஏன் வருகிறது, சாப்பிட்ட சாப்பாடு உடம்புக்குள் போய் என்ன ஆகிறது என்று ஆராயப் போகிற இளம் விஞ்ஞானிகளை அங்கே பழக்குகிறார்கள். எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள். பட்டம் வாங்கினால் போதாது, எலியைப் பிடிக்கவும் தெரியவேண்டும் என்பதற்காக ஒரு வருடப் பயிற்சி.

அந்த இடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே வருகிற ஒவ்வொருவர் புஜத்திலும் காசு அளவில் ஒரு வட்டமான சென்சாரை ஒட்டிவிடுவார்கள். அதன் அடியில் இருக்கும் மெல்லிய ஊசி, ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதையும் இறங்குவதையும் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆளுக்கொரு நிறத்தில் கோடு, எல்லாக் கோடுகளும் கூடத்துச் சுவரில் பெரிய திரையில். ஊசியோடு வாழ்கிற நோயாளிகளைப் பற்றிப் படிக்க வந்தவர்கள் கொஞ்ச நாள் தாங்களும் ஊசியோடு வாழட்டும் என்பது தலைமைப் பேராசிரியையின் சட்டம். யாருடைய கோடாவது கொஞ்சம் எகிறினால் அந்த ஆளுடைய ஃபோன் கீச்சிடும். பேராசிரியை எங்கே இருந்தாலும் அங்கிருந்தே கேட்பார்: "என்ன சாப்பிட்டே?"

விருந்தாளிகளுக்கும் விலக்கு இல்லையாம். அண்ணி தனக்கு ஊசி என்றால் பயம் என்று சொல்லி என்னை முன்னால் தள்ளிவிட்டார். அண்ணியைப் பார்த்து ஊசி பயப்படலாம், அண்ணியாவது ஊசியைப் பார்த்துப் பயப்படுவதாவது. கன்னம் உப்பிய ஒரு பையன் வந்து என் புஜத்தில் சென்சாரை ஒட்டி, அதை என் ஃபோனோடு இணைத்தான். பேச்சுக்கு நடுவிலும் ஏதாவது கொறித்துக்கொண்டிருப்பானாம், அதனால் எல்லோருக்கும் அவன் பிஸ்கட். எனக்குக் கிடைத்தது பழுப்பு நிறம்.

வழக்கைக் கொடுத்தவர் பேராசிரியையேதான். அவருடைய குதி உயர்ந்த செருப்பின் சத்தம் அவருக்கு முன்னால் வந்தது. கதவு படாரென்று திறந்தது. நான் என்னை அறியாமல் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டேன். அண்ணி அதை ஓரக்கண்ணால் பார்த்தார்.

விஷயம் இதுதான். பயிற்சிக்கு வந்தவர்களில் ஒரு பெண், எலிகளோடு ஓயாமல் ஏதோ பேசிக்கொண்டே இருப்பாள் என்பதால் முணுமுணு என்று பெயர் வாங்கியவள். முந்தைய நாள் அவளுடைய சோதனை. ஒரு வரிசை வெள்ளைச் சுண்டெலிகளைப் பட்டினி போட்டு, வெறும் வயிற்றில் சர்க்கரை அளவைப் பார்த்து, பிறகு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உடம்பு அதை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்கவேண்டும். முணுமுணு வெறும் வயிற்று அளவைப் பார்த்தாள். எல்லாம் இறங்கியிருந்தது. சர்க்கரைத் தண்ணீர் எடுத்துவர அடுத்த அறைக்குப் போனாள். அந்த இடைவெளியில் பேராசிரியை சொல்லாமல் கொள்ளாமல் வந்து, தன் கையாலேயே மறுபடி ஒவ்வொரு எலியாகச் சோதித்தார். அளவு எகிறியிருந்தது.

"முதல் எலி பரவாயில்லை. ரெண்டாவது கொஞ்சம் கூட. போகப்போக ஏறுது. எனக்குக் கோபமும் கூடவே ஏறுது" என்றார் பேராசிரியை.

"கடைசி எலி?" என்று அண்ணி கேட்டார்.

"அதுதான் உச்சம். வயிறு முட்டத் தின்னிருக்கு."

ஆக, ஒன்று முணுமுணு பட்டினியே போடாமல் பொய்யாக எண் சொல்லியிருக்கவேண்டும். இல்லை, யாரோ நடுவில் புகுந்து எலிகளுக்குத் தீனி போட்டிருக்கவேண்டும். அவள் பொய் சொல்லவில்லை என்று அழுகிறாள். மத்தியானம் நிலையத்தின் குழு கூடுகிறது. அதற்குள் வேறு யாராவது செய்தார்கள் என்று காட்டினால் சரி, இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்றார் பேராசிரியை. பொய் எண் சொன்னவள் என்று பெயர் வாங்கி இங்கிருந்து போனால் வேறு எந்த ஆராய்ச்சிக்கூடமும் அவளுக்குக் கதவைத் திறக்காது என்பதையும் அவரே சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. கடுமையான மனுஷிதான், ஆனால் அநியாயக்காரி இல்லை என்று எனக்குப் பட்டது.

எலி அறை சுத்தமாக, மங்கலான வெளிச்சத்தோடு இருந்தது. முணுமுணு அங்கேதான் நின்றிருந்தாள். ஒல்லியான பெண், அழுதழுது மூக்கு சிவந்திருந்தது. எலியை எப்படி எடுப்பாய் என்று அண்ணி கேட்டதும் செய்து காட்டினாள். ஓர் அட்டைக் குழாயைக் கூண்டுக்குள் வைத்து, என்னவோ சொல்லிக்கொண்டே காத்திருந்தாள். எலி தானாகக் குழாய்க்குள் வந்தது. அப்படியே உள்ளங்கைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

"இதுகூட என்ன பேசுவே?" என்று நான் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார். சாப்பிட்டியா, தூங்கினியான்னு கேப்பேன். வந்த நாள்லேருந்து தினம் கையை உள்ள வெச்சுப் பழக்கினேன்."

பட்டினி போட்ட எலியிடம் சாப்பிட்டியா என்று கேட்பது நியாயமில்லை என்று சொல்ல வார்த்தை வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

நேற்றைய கூண்டுகளை அப்படியே விட்டு வைத்திருந்தார்கள். அண்ணி ஒவ்வொன்றின் அடியிலும் விரித்திருந்த மரத்தூளைக் கிளறிப் பார்த்தார். பட்டினி போடும்போது மாற்றிய புதுத் தூள், தீனித் துணுக்கு ஒன்றுகூட இல்லை.

"தம்பி, எலி சிந்தாம சாப்பிடுமா?"

"பழக்கினா சாப்பிடுமோ என்னவோ அண்ணி."

"உங்க அண்ணனை இத்தனை வருஷமா பழக்கறேன். முடியல."

முணுமுணு அதற்கும் சிரிக்கவில்லை. அவள் அம்மா இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவராம். மகள் இந்த நோயைப் பற்றி ஆராயப் போகிறாள் என்று ஊசி போட வரும் நர்ஸிலிருந்து பால் ஊற்றுகிறவர்வரை எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாராம். "அம்மாகிட்ட என்னன்னு சொல்லுவேன்க்கா?" என்று அண்ணியிடம் கேட்டாள். அண்ணி அவள் தோளைத் தட்டினார். எனக்கு அந்தப் பெண்ணுக்காக நிஜமாகவே அழுகை வந்தது. பசியும் கொஞ்சம் காரணம்.

அந்தச் சமயத்தில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று விசாரித்ததில் அகப்பட்டவன் பிஸ்கட். எலி அறையை ஒட்டிய அறையில் கூண்டு கழுவிக்கொண்டிருந்திருக்கிறான். இன்னொன்றும் தெரியவந்தது. வருட முடிவில் ஒரே ஒருவருக்குத்தான் இங்கேயே தங்கி ஆராய்ச்சி செய்ய இடம். அந்த இடத்துக்கு முணுமுணுவும் பிஸ்கட்டும்தான் போட்டி.

எனக்கு மூளை வேலை செய்யத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம். கூடத்துக்கு ஓடிப் போய், திரையில் நேற்றைய கோடுகளை வரவழைத்தேன். பிஸ்கட்டின் நீலக் கோட்டை மட்டும் விரலால் தடவிக்கொண்டே போனேன். பேராசிரியை எலிகளைச் சோதித்த அதே நேரத்தில் அந்தக் கோடு ஜிவ்வென்று ஏறியிருந்தது. திருடன் அங்கே நின்று எலிக்கும் போட்டு, தானும் கொறித்திருக்கிறான்.

கழுவும் அறையில் அவனை மடக்கினேன். அவன் கை நுரையோடு அப்படியே நின்றுவிட்டது.

"சத்தியமா எதுவும் சாப்பிடல சார். என் வாழ்க்கையிலேயே நேத்துதான் சாப்பிடாம இருந்தேன்."

முணுமுணுவோடு நேற்று தொடங்கிய பந்தயமாம். ஒரு வாரம் பிஸ்கட் தின்னாமல் இருந்தால் அவனுடைய கூண்டுகளையும் சேர்த்து அவள் கழுவுவாள். தோற்றால் அவளுடையதை இவன் கழுவவேண்டும். சாட்சியாகக் கோட்டுப் பையிலிருந்து பிரிக்காத பாக்கெட் ஒன்றை எடுத்துக் காட்டினான். மனசு கேட்காமல் அவ்வப்போது தொட்டுப் பார்த்ததில் உறை மட்டும் கசங்கியிருந்தது. பிரிக்காத பாக்கெட் ஒன்று இருந்தால் பிரித்த பாக்கெட் இன்னொன்று இருந்திருக்காதா என்று நான் மடக்கினேன். அவன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான்.

அண்ணி என்னை வெளியே கூப்பிட்டார். "சுவர்ல எத்தனை கோடு இருக்கு?"

"ஆளுக்கொண்ணு."

"நீ எத்தனை பார்த்தே?"

"தேவையான கோட்டைப் பார்த்தேன்."

"போய்த் தேவையில்லாததையும் பாரு."

போய்ப் பார்த்தேன். திரும்பி வரும்போது எனக்கு நடையே மாறிவிட்டது. நேற்று அந்த நேரத்தில் எல்லாக் கோடுகளும் ஏறியிருந்தன. பிஸ்கட் மட்டும் இல்லை, அந்த மாடியில் இருந்த அத்தனை பேரும். "அண்ணி, இது கூட்டுச் சதி. எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டிருக்காங்க."

"முணுமுணு கோடு?"

"அதுவும் ஏறியிருக்கு."

"அப்போ தன் சோதனையைக் கெடுக்கற விருந்துக்குத் தானே போய் உட்கார்ந்தாளா?"

வந்ததிலிருந்து நான் ஏதாவது சாப்பிட்டேனா என்று அண்ணி கேட்டார். பச்சைத் தண்ணீர்கூட இல்லை என்று உருக்கமாகச் சொன்னேன். ஏதாவது வாங்கித் தரப்போகிறார் என்று நினைத்தேன்.

"நல்லது. வேலை முடியற வரைக்கும் அப்படியே இரு" என்றார் அண்ணி.

குழு கூடுவதற்கு முன்னால் பயிற்சிக்காரர்கள் எல்லோரையும் கூடத்தில் உட்காரச் சொன்னார் அண்ணி. வேறு யாரும் எதுவும் சாப்பிட்டிருக்கிறார்களா என்று வாய்விட்டே கேட்டு உறுதி செய்துகொண்டார். திரையில் கோடுகள் எல்லாம் அமைதியாக, நேராகப் போய்க்கொண்டிருந்தன. என் பழுப்புக் கோடும் பட்டினியில் சாதுவாக இருந்தது. பிறகு பேராசிரியைக்கு ஆள் அனுப்பினார்.

செருப்புச் சத்தம் வந்தது. கதவு படாரென்றது. எல்லோரும் எழுந்தார்கள். குற்றவாளியைக் கண்டுபிடித்தாகிவிட்டது என்றார் அண்ணி. ஆனால் பெயரைச் சொல்வதற்கு முன்னால், நேற்று என்ன நடந்தது, அதைப் பற்றி மேடம் என்ன நினைக்கிறார் என்று மேடம் வாயாலேயே ஒருமுறை எல்லோரும் கேட்கவேண்டும் என்றார்.

பேராசிரியைக்கு அதற்கு மேல் அழைப்பு தேவைப்படவில்லை. எலியில் தொடங்கி நேர்மைக்குப் போய், நேர்மையிலிருந்து இந்தத் தலைமுறைக்கு வந்து, அங்கே நெடுநேரம் நின்றார். ஒவ்வொருவர் முகத்தையும் தனித்தனியாகப் பார்த்துச் சொன்னார். முணுமுணுவைப் பார்க்காமலே முணுமுணுவைப் பற்றிச் சொன்னார். நடுவில் என்னைப் பார்த்து, நீங்கள் ஏன் சுவரில் சாய்ந்துகொண்டு நிற்கிறீர்கள் என்று கேட்டார். நான் சுவரை விட்டு விலகி விறைப்பாக நின்றேன்.

இன்னும் பேசிக்கொண்டிருந்தார். பிஸ்கட்டின் ஃபோன் கீச்சிட்டது.

"என்ன சாப்பிட்டே?"

"இல்ல மேடம்."

அவர் அதற்கு ஏதோ சொல்ல வருவதற்குள் பின்வரிசையில் இன்னொரு ஃபோன் கீச்சிட்டது. அதை அணைப்பதற்குள் அதன் பக்கத்தில் ஒன்று. அப்புறம் முணுமுணுவினுடையது. கூடம் முழுக்கக் கோழிக் குஞ்சுகளைத் திறந்துவிட்டதுபோல் ஆகிவிட்டது. கடைசியாக என் சட்டைப் பையிலும் ஒன்று கீச்சிட்டது.

பேராசிரியை என்னை முறைத்தார். "நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"திட்டு மட்டும்தான் மேடம்" என்றேன்.

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். அண்ணி எழுந்து திரைப் பக்கம் போனார். அத்தனை நிறக் கோடுகளும் சேர்ந்து மேலே ஏறிக்கொண்டிருந்தன. அண்ணி பக்கத்திலேயே நேற்றைய கோடுகளையும் கொண்டுவந்து காட்டினார். அதே ஏற்றம்.

"இங்க யாரும் எதுவும் சாப்பிடல மேடம். கதவு திறந்துச்சு, நீங்க வந்தீங்க. அவ்வளவுதான். நேத்தும் நீங்க மாடிக்கு வந்த நேரத்துலதான் எல்லாக் கோடும் ஏறியிருக்கு. கூண்டு கழுவிட்டிருந்த பையன் உங்க செருப்புச் சத்தத்தைக் கேட்டதுக்கே ஏறியிருக்கான். எலி என்ன பண்ணும்?"

நேற்று எலி அறைக்குள் எப்படிப் போனீர்கள் என்று பேராசிரியையிடம் கேட்டார் அண்ணி. பிஸ்கட்தான் முந்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னான்: கதவு அடித்த சத்தம், இரும்பு மேசையில் கூண்டுகளை வரிசையாக வைத்த சத்தம், ஒவ்வொரு எலியையும் வாலைப் பிடித்துத் தூக்கியபோது அது கத்திய சத்தம்.

"முதல் எலிக்குப் பயப்பட நேரமில்ல. கடைசி எலி அத்தனை பேரோட கத்தலையும் கேட்டுட்டு வரிசையில காத்திருந்துச்சு. அதனாலதான் போகப்போக ஏறுச்சு. யாராவது எலிக்கு வரிசை நம்பர் பார்த்தா தீனி போடுவாங்க, கடைசி எலிக்கு மட்டும் ரெண்டு கை அதிகமா?"

பேராசிரியையின் முகம் சிவந்தது. "பயத்துல சர்க்கரை ஏறும்னு எனக்குத் தெரியாதா? அதை நான்தான் இவங்களுக்குப் பாடமே நடத்தறேன்."

"அது தெரியும் மேடம். உங்களைப் பார்த்துப் பயப்படும்னுதான் தெரியாது."

கூடத்தில் ஃபோன்கள் மட்டும் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. நான் இதுவரை அண்ணியோடு எத்தனையோ வழக்குகளில் அலைந்திருக்கிறேன். ஆள் வைத்துத் துப்பறியச் சொன்னவரையே அவர் முகத்துக்கு எதிரில் குற்றவாளி என்று சொன்னது இதுதான் முதல் தடவை. நமக்குக் கூலி கிடைத்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த அம்மாள் விஞ்ஞானி. திரையில் இரண்டு நாள் கோடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, "சொன்னா போதாது. சோதிச்சுப் பார்க்கணும்" என்றார்.

அன்றைக்குப் பட்டினி போட்டிருந்த இன்னொரு வரிசை எலிகள் இருந்தன. பாதியை முணுமுணு சோதித்தாள், அட்டைக் குழாயோடும் அவளுடைய சாப்பிட்டியா தூங்கினியாவோடும். அளவு இறங்கியே இருந்தது. மீதியை வேறு அறைக்குக் கொண்டுபோய், நேற்றுச் செய்தபடியே பேராசிரியை சோதித்தார். முதல் எலி பரவாயில்லை. இரண்டாவது கொஞ்சம் கூட. அவர் சர்க்கரை பார்க்கும் மெஷினை மாற்றினார். மூன்றாவது இன்னும் கூட. நாலாவது எலியைக் கூண்டிலிருந்து எடுக்காமலே கையை இழுத்துக்கொண்டார். கதவோரம் நின்ற எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

வெளியே வந்தவர் குழுக் கூட்டத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளினார். பிஸ்கட்டைக் கூப்பிட்டு, சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு, அதுவரை சென்சார் ஒட்டியிராத புஜத்தைக் காட்டினார். அவன் ஒட்டினான். மிச்சம் இருந்த நிறம் சிவப்புதான்.

சாயங்காலம் கூடத்தில் குழுவின் பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். நாங்கள் கடைசியில். பெட்டியைக் கட்டச் சொல்வார்கள் என்று காலையில் அழுத பெண் நடுவரிசையில், கைகளை மடியில் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. பேராசிரியை கதவைச் சத்தமில்லாமல் திறந்துகொண்டு உள்ளே வந்தார். காலில் செருப்பு இல்லை.

மேடைப் பக்கம் போய் நின்றார். சொல்ல வந்ததை இரண்டு தடவை தொடங்கி, இரண்டு தடவையும் விட்டார்.

"நேத்து இந்தப் பொண்ணு சொன்ன எண் சரி. நான் எடுத்த எண் தப்பு. எலிகளை நான்தான் மிரட்டியிருக்கேன். அவளைப் பொய்க்காரின்னு சொன்னது என் தப்பு. அவ இங்கதான் இருப்பா" என்றார்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார். சுவரில் சிவப்புக் கோடு நிமிர்ந்து மேலே போகத் தொடங்கியது. பேராசிரியை பேசி முடித்து, பெரியவர்கள் கேட்டதற்கெல்லாம் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கைப்பையிலிருந்த ஃபோன் கீச்சிட்டது. அவர் கைப்பையைத் துழாவினார். ஃபோன் அகப்படவில்லை. அது விடாமல் கீச்சிட்டது.

பிஸ்கட் வாயைப் பொத்திக்கொண்டான். யாருக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை. முணுமுணு மெல்ல எழுந்து நின்றாள். எலியிடம் பேசுகிற அதே குரல்.

"மேடம், என்ன சாப்பிட்டீங்க?"

பேராசிரியை துழாவுவதை நிறுத்தினார். சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ஒண்ணும் சாப்பிடலம்மா. பயந்துட்டேன்."